கீழிலை மஞ்சள்

மருமகள் ரயில் ஓட்டும் பயிற்சிக்குப் போகிறாள் என்றபோது தெருவில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், "மூணு மாசம் வீட்டை யாரு பார்த்துக்குவா?" என்று கேட்டார்கள். வீட்டைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவளுடைய கவலையெல்லாம் மொட்டைமாடியில் பைகளில் வளர்ந்துகொண்டிருந்த தக்காளிச் செடிகளைப் பற்றித்தான். விதை போட்டு, நாற்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கம்பு நட்டுக் கட்டிவிட்டவள் அவள். அப்போதுதான் முதல் பூ வந்திருந்தது.

கிளம்புகிற அன்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டு மறுபடியும் மாடிக்கு ஓடினாள். இறங்கி வந்து, ஹாலில் நின்றிருந்த மாமியாரையும் தன் அப்பாவையும் பார்த்துப் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். "நான் வர்றப்போ பழுத்திருக்கும். பார்த்துக்கோங்க."

பொதுவாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

மாமியார் முப்பது வருஷம் ஃபோட்டோ பிரிண்ட் போடும் லேபில் வேலை பார்த்தவர். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை முகம் ஒரு துளி பச்சையடித்தாலும் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவர் பெயர் ஸ்டூடியோ அம்மாதான். சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தனிக்கட்டை. முட்டியில் ஆபரேஷன் முடிந்து, தேறும்வரை இருக்கட்டும் என்று மகள்தான் அழைத்து வந்திருந்தாள். அழைத்து வந்தவள் பத்தே நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட, மகள் இல்லாத மகள் வீட்டில் மனிதர் முள்மேல் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டிக் குடுத்தேன். எனக்குன்னு வாய்ச்சது மாடிப்படி" என்று மருமகனிடம் ஒருநாள் சொல்லிச் சிரித்தார். அதைக் கேட்டு ஸ்டூடியோ அம்மா சமையலறைக்குள் திரும்பிக்கொண்டு சிரித்தார். சம்பந்திக்கு முன்னால் சிரிப்பதா கூடாதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டவன் ஸ்டூடியோ அம்மாவின் மகன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன்.

"சம்பந்திக்கு இன்னொரு டீ வேணுமான்னு கேளு."

"வேண்டாம்னு சொல்லுங்க மாப்பிள்ளை. அவங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ஒரே ஹால்ல தானே உட்கார்ந்திருக்கீங்க! நான் என்ன தபால்காரனா?" என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற விஷயத்திலும் இதே மரியாதைதான் நடந்தது. 'அவர் மகள் வைத்த செடி, அவர் ஊற்றுவார்' என்று ஸ்டூடியோ அம்மா இரண்டு நாள் விட்டுவிடுவார். 'அவங்க வீட்டு மாடி, நாம் போய் அதிகாரம் பண்ணக் கூடாது' என்று சம்பந்தி விட்டுவிடுவார். மூன்றாம் நாள் செடி துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பதறி, காலையில் அவர் ஒரு வாளி ஊற்றுவார், மத்தியானம் இவர் ஒரு வாளி ஊற்றுவார். பைக்குக் கீழே குளம் கட்டி நிற்கும். மறுபடி இரண்டு நாள் மரியாதை.

காய் பிடித்தது. கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்தது. ஒருநாள் ஸ்டூடியோ அம்மா ஒரு காயைத் திருப்பிப் பார்த்தார். மேலே பளபளவென்று பச்சை. அடிப்பக்கம் தீய்ந்த தோசைக்கல் மாதிரி கறுத்து, அமுங்கி, தோல் போல் தடித்திருந்தது. அடுத்ததைத் திருப்பினார். அதுவும் அப்படியே.

அவருக்கு முதலில் தோன்றியது செடியைப் பற்றி அல்ல. 'மருமகள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மாமியார் செடியைக் கொன்றுவிட்டாள்' என்று தெரு பேசுவது காதில் கேட்டது. கறுத்த காய்களைப் பறித்து, காகிதத்தில் சுற்றி, சமையலறைக் குப்பைக்கூடையின் அடியில் புதைத்தார்.

சாயங்காலம் குப்பையைக் கொட்டப் போன மகன், இரண்டு கையிலும் காய்களோடு ஹாலுக்கு வந்து நின்றான்.

"இது சமையலறைக் கூடையில இருந்தது. இது மாமா ரூம் கூடையில இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து என்ன கொலை பண்ணி மறைக்கிறீங்க?"

சம்பந்தி கீழே பார்த்தார். ஸ்டூடியோ அம்மா மேலே பார்த்தார். பிறகுதான் முதன்முதலாக அந்த இரண்டு பேரும் மகன் வழியாக இல்லாமல் நேராகப் பேசிக்கொண்டார்கள்.

"நீங்களும் பார்த்தீங்களா?"

"நேத்தே பார்த்தேங்க. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல."

மறுநாள் ஸ்டூடியோ அம்மா ஒரு கறுத்த காயை எடுத்துக்கொண்டு, மருமகள் மண்கலவையும் விதையும் வாங்கிய நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரப் பெண் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிற குரலில் பேசுகிறவள். காயை ஒரு பார்வை பார்த்தாள்.

"சுண்ணாம்புச்சத்து பத்தல."

"வீட்டுல முட்டை ஓடு நிறைய இருக்கும்மா. அரைச்சுப் போட்டுடறேன்."

"அவசரப்படாதீங்க. அது மண்ணுல இருக்கு, காய்க்குப் போய்ச் சேரல. அதுக்குத் தனியா கால் கிடையாது, தண்ணியோடதான் ஏறிப் போகணும். நீங்க ஒருநாள் காயப் போட்டு ஒருநாள் மூழ்கடிச்சா எப்படிப் போகும்? இலைதான் முதல்ல உறிஞ்சிக்கும். காயோட அடிப்பக்கம் கடைசி வீடு, அங்க போறப்போ ஒண்ணும் மிஞ்சாது. தினமும் அளவா, ஒரே மாதிரி ஊத்துங்க. கறுத்த காய் தேறாது, கிள்ளிப் போடுங்க. அடுத்து வர்ற காய் நல்லா வரும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் சம்பந்தி உற்சாகமாகிவிட்டார். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, கரண்டுதான் விட்டு விட்டு வருதுன்னு சொல்லுங்க!" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "ரெண்டு வீட்டு விருந்தாளி பட்டினிங்கற கதையா ஆயிடுச்சு சம்பந்தியம்மா. இனிமே காலையில தண்ணி என் பொறுப்பு. படி ஏறி இறங்கணும்னு டாக்டரும் சொல்லியிருக்கார். சாயங்காலம் நீங்க விரலை விட்டு மண்ணைப் பாருங்க. காய்ஞ்சிருந்தா கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

அப்படியே செய்தார்கள். அடுத்து வந்த காய்கள் அடிப்பக்கம் வரைக்கும் பச்சையாக உருண்டு நின்றன. சம்பந்தி காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவார். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு ஏற ஆரம்பித்தார். மாடியிலிருந்து இறங்கி வரும்போது செய்தியோடு வருவார். "மூலையில இருக்கிறது ரெண்டு கொத்து பூ விட்டிருக்கு." "கம்பிப் பக்கம் இருக்கிறவன் சாய்ஞ்சுட்டான், கட்டிவிட்டேன்." ஸ்டூடியோ அம்மா டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார். தபால்காரனுக்கு வேலை போயிற்று.

அத்தோடு நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். முதல் காய் பழுத்தது. சிவப்பாகத்தான் பழுத்தது. ஆனால் காம்பைச் சுற்றி ஒரு வெளிர் மஞ்சள் வளையம். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஸ்டூடியோ அம்மாவின் கண்ணுக்கு அது பிரிண்ட் சரியாக விழாத படம். மருமகள் வரும்போது பழம் செக்கச்செவேலென்று இருக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. நர்சரிக்குப் போய், "நிறம் நல்லா வர என்னம்மா போடணும்?" என்று கேட்டார். அவள் பொட்டாஷ் என்கிற சாம்பல்சத்து உப்பை ஒரு சின்னப் பொட்டலமாகக் கொடுத்தாள். "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, பைக்கு ஒரு சின்ன ஸ்பூன். அதுக்கு மேல கூடாது." இவர் மாதத்துக்கு இரண்டு என்பதை வாரத்துக்கு ஒன்றாக்கிக்கொண்டார். நல்லதுதானே, கொஞ்சம் கூடப் போட்டால் என்ன என்று ஒரு நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை. பழம் சிவக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

சில வாரம் கழித்துக் கீழிலைகள் மஞ்சளடிக்கத் தொடங்கின.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் வீடியோவில் கூப்பிட்டாள். எஞ்சின் அறையில் ஏறி உட்கார்ந்ததையும், முதல் தடவை ஹாரன் அடித்தபோது தானே பயந்துபோனதையும் சொல்லிவிட்டு, "அத்தை, மாடிக்குப் போய்ச் செடியைக் காட்டுங்க" என்றாள்.

சம்பந்தியும் பின்னாலேயே வர, ஸ்டூடியோ அம்மா மாடிக்கு ஏறினார். ஃபோனை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து, செடிகளின் உச்சியை மட்டும் காட்டினார். "பாரு, எவ்வளவு உயரம் வளர்ந்திருக்குன்னு."

"கீழ காட்டுங்க அத்தை, காய் பார்க்கணும்."

ஃபோன் மெல்லக் கீழே இறங்கியது. அதே நேரம் சம்பந்தி நகர்ந்து வந்து, செடிக்கும் ஃபோனுக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றுகொண்டார்.

"அப்பா, ஏன் குறுக்க நிக்கறீங்க?"

"முட்டி வலிம்மா. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"காத்தையா பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி ஃபோனை வைத்தார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏன் மறைத்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே!

மறுநாள் காலை, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டூடியோ அம்மா நேராக நர்சரிக்குப் போனார். கைப்பையில் ஒரு கீழிலை, நசுங்காமல் கைக்குட்டைக்குள் இருந்தது. உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றார். கவிழ்த்து வைத்த தொட்டி ஒன்றின் மேல், காலை நீட்டிக்கொண்டு சம்பந்தி உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப் பைக்கு வெளியே ஒரு தக்காளி இலை எட்டிப் பார்த்தது.

"நீங்க எங்க இங்க?"

"சும்மாதாங்க. நடக்கணும்னு டாக்டர் சொன்னார். நீங்க?"

"நானும் சும்மாதான்."

பூட்ஸ் சத்தத்தோடு நர்சரிக்காரப் பெண் வந்தாள். "சும்மா வந்தவங்க ரெண்டு பேரும் இலையைக் குடுங்க" என்று கையை நீட்டினாள். இரண்டையும் வாங்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். "என்ன தெரியுது, சொல்லுங்க."

ஸ்டூடியோ அம்மா அதை ராத்திரியெல்லாம் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர். "வெறும் மஞ்சள் இல்லம்மா. நரம்பு எல்லாம் பச்சையாவே நிக்குது. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவுலதான் நிறம் போயிருக்கு. கோடு போட்ட சட்டை மாதிரி."

"சரி. செடியில எந்த இடத்து இலை?"

இதற்குச் சம்பந்தி பதில் வைத்திருந்தார். "கிரவுண்ட் ஃப்ளோர்ல ஆரம்பிச்சுதுங்க. இப்போ ரெண்டாவது மாடி வரைக்கும் ஏறியிருக்கு. அதுக்கு மேல சுத்தமா இருக்கு. எந்த மாடியில முதல்ல நின்னுச்சுன்னு பார்த்தாத்தான் கோளாறு எங்கன்னு தெரியும், அது என் பழக்கம்."

"ரெண்டு பேரும் பாதி வேலையை முடிச்சுட்டீங்களே" என்று அவள் சிரித்தாள். "இலை முழுக்க ஒரே மாதிரி வெளுத்திருந்தா தழைச்சத்துக் குறைன்னு சொல்லியிருப்பேன். ஓரம் மட்டும் கருகியிருந்தா சாம்பல்சத்துக் குறை. கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையா இருந்தா இரும்பு. இரும்பு போய் உட்கார்ந்த இடத்தை விட்டு எந்திரிக்காது, அதனால புது இலைதான் பட்டினி கிடக்கும். இது கீழிலையில ஆரம்பிக்குது. அப்ப மக்னீசியம். அது நகரும். பத்தலைன்னா செடி பழைய இலையில இருந்து உருவிக் கொழுந்துக்குக் குடுத்துடும்."

"தன் வாயைக் கட்டிப் பிள்ளைக்கு ஊட்டற மாதிரி" என்றார் சம்பந்தி.

"நாம இன்னும் மஞ்சளாகல" என்றார் ஸ்டூடியோ அம்மா. சம்பந்தி வெடித்துச் சிரித்தார்.

நர்சரிக்காரப் பெண் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கினாள். "ஆனா என் கலவையில மக்னீசியம் இருக்கே. குறைய வாய்ப்பில்லையே. எதுவோ உள்ள விடாம தடுக்குது. பொட்டாஷ் போட்டீங்களா?"

ஸ்டூடியோ அம்மா கைக்குட்டையை மடித்தார், சம்பந்தி முட்டியைத் தடவினார்.

"ஒரு ஸ்பூன்" என்றார் ஸ்டூடியோ அம்மா.

"ஒரு ஸ்பூன்" என்றார் சம்பந்தி, அதே நொடியில்.

அவள் இவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இருங்க. உங்களுக்கும் ஒரு பொட்டலம் குடுத்தேன், ஐயாவுக்கும் ஒரு பொட்டலம் குடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"சம்பந்திங்கம்மா."

"ஒரே செடிக்கா?"

"மகளோட செடி." "மருமகளோட செடி." மறுபடியும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

"எத்தனை நாளைக்கு ஒருதரம்?"

வாரத்துக்கு ஒருதரம் என்பதை இரண்டு பேரும் வாய்க்குள் சொன்னார்கள். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு பக்கத்து மணல் மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டும் வேர்ல ஒரே வாசல் வழியாத்தான் நுழையணும். பொட்டாஷ் கூட்டமா முண்டியடிச்சா மக்னீசியம் வெளியவே நிக்கும். செடி பட்டினி இல்ல. உங்க ரெண்டு பேரோட அன்புதான் தொண்டையில அடைச்சிருக்கு."

"ஓவர்லோடு" என்றார் சம்பந்தி மெதுவாக.

மருந்து சுலபமாகத்தான் இருந்தது. பொட்டாஷை நிறுத்துவது. பையின் துளை வழியே வடிகிற வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்றி, உப்பைக் கழுவிவிடுவது. மக்னீசியம் உள்ள எப்சம் உப்பில் ஒரு சின்ன ஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிப்பது. "மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. அதையே பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. புதுசா வர்ற இலையைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வரும்போது இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். சம்பந்தியின் வேகத்துக்கு ஸ்டூடியோ அம்மா நடையைக் குறைத்துக்கொண்டார்.

"எதுக்கு ஒளிச்சு ஒளிச்சுப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஆபரேஷன் செலவு, சாப்பாடு, தங்கறதுன்னு எல்லாம் உங்க வீட்டுல. என் கையால ஒண்ணாவது நல்லா வரட்டுமேன்னு நினைச்சேன்" என்றார் அவர். "நீங்க?"

"மாமியார் வளர்த்த செடியில இவ்வளவு சிவப்பான்னு அவ கேட்கணும்னு ஆசை. வேற என்ன?"

சம்பந்தி நின்றார். "பழத்துல சம்பந்தியோட போட்டி!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், எதிரே வந்த சைக்கிள்காரன் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் சிரித்தார். இந்தத் தடவை ஸ்டூடியோ அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சிரித்தார்.

அதன் பிறகு பொறுமைதான் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் ஒருவர் தெளிப்பானைப் பிடிப்பார், மற்றவர் இலையை அடிப்பக்கம் திருப்பிக் காட்டுவார். மஞ்சள் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும் என்று இவரும், பாதி பச்சை இருக்கிறதை ஏன் கிள்ள வேண்டும் என்று அவரும் வாதாடினார்கள். மகன் மாடிக்கு வந்து, "இதுக்கு நீங்க பேசாமலே இருந்திருக்கலாம்" என்றான். ஒரு மாலை ஸ்டூடியோ அம்மா மஞ்சள் ஏறி நின்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அது போன வாரம் நின்ற அதே இடத்தில்தான் நின்றிருந்தது. அதற்கு மேலே விரிந்த இலைகள் எல்லாம் ஒரே அடர்த்தியாக, நரம்பும் நடுவும் பிரித்துச் சொல்ல முடியாத பச்சை.

"சம்பந்தி, ஏறல. நின்னுடுச்சு" என்று மாடியிலிருந்தே குரல் கொடுத்தார். கைப்பிடியைத் தொடாமல் அவர் ஏறி வந்த வேகத்தைப் பார்த்து மகன் வாயைப் பிளந்தான்.

மருமகள் வந்தபோது பழங்கள் கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தன. எண்ணிக்கையில் அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். செடிகளின் கீழ்ப்பாதி மொட்டையாக, கால்சட்டையை மடித்துவிட்ட பிள்ளைகள் மாதிரி நின்றன.

"இது என்ன, கீழ எல்லாம் ஒண்ணுமே இல்ல?"

"நான்தான் பொட்டாஷ் அதிகமா போட்டுட்டேன்" என்றார் ஸ்டூடியோ அம்மா உடனே.

"அவங்க இல்லம்மா, நான்தான்" என்றார் சம்பந்தி.

"நான் முதல்ல போட்டேன்."

"நான் அதிகமா போட்டேன்."

மருமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீடியோவுலயே அப்பா காலுக்கு நடுவுல மஞ்சளா தெரிஞ்சுது. கேட்டா பயந்துடுவீங்கன்னு விட்டேன்" என்றாள். ஒரு பழத்தைப் பறித்துச் சட்டையில் துடைத்து, அங்கேயே நின்று கடித்தாள். சாறு மணிக்கட்டு வழியே ஓடி முழங்கைக்கு வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. இரண்டாவது பழத்தையும் பறித்தாள்.

முட்டி நன்றாகிவிட்டதால் அடுத்த வாரம் சம்பந்தி தன் வீட்டுக்குக் கிளம்பினார். தக்காளியின் பக்கக்கிளையை ஒடித்துத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும் என்று ஸ்டூடியோ அம்மாவுக்கு இப்போது தெரிந்திருந்தது. வேர் விட்ட இரண்டு கிளைகளைக் காகிதக் கோப்பையில் நட்டு, பஸ்ஸில் சாயாமல் இருக்கப் பழைய ஃபோட்டோப் பேப்பர் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். சம்பந்தி அதைக் குழந்தையை வாங்குவது போல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம் ஃபோன் வந்தது.

"சம்பந்தியம்மா, இலை மஞ்சளாகுது."

"கொழுந்தா, கீழிலையா?"

"கொழுந்து."

"நரம்பு?"

"பச்சைதான். பழைய இலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இரும்பா இருக்கும். தண்ணி தேங்குதான்னு முதல்ல பாருங்க, வேர் மூச்சு முட்டினாலும் அப்படி ஆகுமாம். எதையும் போட்டுத் தொலைக்காதீங்க. நான் வந்து பார்க்கிறேன்."

"எதுக்கு இவ்வளவு தூரம்? உங்களுக்குச் சிரமம்."

"மகனும் மருமகளும் லீவுல இருக்காங்க. எல்லாரும்தான் வர்றோம்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் சம்பந்தியின் சின்ன பால்கனியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டூடியோ அம்மா குனிந்து தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். தண்ணீர் வடிய வேண்டிய துளையைத் தொட்டிக்கு எப்போதோ அடித்த பெயிண்ட் அடைத்திருந்தது. மகன் ஸ்க்ரூடிரைவர் தேடிக்கொண்டு உள்ளே போனான். மருமகள் துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் சட்டைகளை எடுத்து மடித்தாள். சம்பந்தி தட்டில் டீயோடு வந்தார்.

"முதல்ல டீயைக் குடிங்க. செடி எங்கயும் ஓடிடாது" என்றார்.

எல்லாரும் டீயைக் குடித்தார்கள்.